கடனை மறுத்தது யார்?

செயற்கை நுண்ணறிவை ஒரு நிறுவனம் பொறுப்போடு ஆள்கிறதா என்பதை அதன் கொள்கை அறிக்கையை வைத்துச் சொல்லிவிட முடியாது. நியாயம், வெளிப்படைத்தன்மை, நம்பகம் ஆகிய சொற்கள் எல்லா நிறுவனங்களின் அறிக்கைகளிலும் இருக்கின்றன. கணினி மாதிரியைப் பயன்பாட்டுக்கு விட அனுமதித்தவர் யார், அதற்கு முன் அதைச் சோதித்தவர் யார், தவறு நடந்தால் நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் பெயரும் பதவியுமாகப் பதில் வர வேண்டும். அந்தப் பதில் எழுத்தில் இருக்கும்படி ஒரு நிறுவனம் செய்துகொள்ளும் ஏற்பாடுதான் ஆளுகை.

இதைக் கூர்ந்து பார்க்க இந்தியாவில் ஏற்ற தொழில், கடன் வழங்குவது. ஆள் எடுப்பதிலும் மருத்துவத்திலும் காப்பீட்டிலும்கூட எந்திரக் கணிப்புகள் நுழைந்துவிட்டன. ஆனால் சாதாரணக் குடும்பத்தின் வாழ்க்கையில் அவை நேராக வந்து விழுவது கடன் விண்ணப்பத்தில்தான். தருமபுரிக்கு மேற்கே, பென்னாகரம் பக்கம் உள்ள இண்டூரில் கறவை மாடு வாங்க ஒரு பெண் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்து விவரங்களைக் கைபேசியில் பதிந்துகொள்ளும் ஊழியர் பல நிறுவனங்களில் முடிவெடுப்பதில்லை. விவரங்கள் எங்கோ இருக்கும் கணினிக்குப் போகின்றன. மதிப்பெண் ஒன்று திரும்பி வருகிறது. தகுதி உண்டு அல்லது இல்லை என்ற ஒரு வரி திரையில் தெரிகிறது. ஏன் என்று அந்தப் பெண் கேட்டால் ஊழியருக்கும் தெரியாது. பல நேரங்களில் கிளை மேலாளருக்கும் தெரியாது. மாதிரியை வெளி நிறுவனத்திடமிருந்து வாங்கியிருந்தால், தலைமை அலுவலகத்திலேயே தெரிந்தவர் இல்லாமல் போகலாம். பொறுப்பான ஆளுகை என்ற பெரிய பேச்சு முழுவதும் இந்த இடைவெளியை அடைக்கும் வேலையே.

மதிப்பெண் எப்படி உருவாகிறது

கடன் கணிப்பு மாதிரிக்குப் பழைய கடன்களே பாடநூல். கடந்த சில ஆண்டுகளில் கடன் வாங்கியவர்களின் விவரங்களும், ஒவ்வொருவரும் ஒழுங்காகக் கட்டினாரா தவறினாரா என்ற முடிவும் அதற்குக் கொடுக்கப்படுகின்றன. வயது, தொழில், வருமானம், ஏற்கெனவே உள்ள தவணைகள், வங்கிக் கணக்கில் பணம் வந்து போகும் விதம், கடன் தகவல் நிறுவனம் தரும் மதிப்பெண் எனப் பல விவரங்களில் எவை சேர்ந்தால் தவணை தவறுகிறது என்பதை அது கண்டறிகிறது. பழைய முறைகளில் ஒவ்வொரு விவரத்துக்கும் எவ்வளவு எடை என்பதை ஒரு தாளில் எழுதிவிடலாம். இன்றைய முறைகளில் நூற்றுக்கணக்கான சிறு முடிவு மரங்கள் ஒன்றன் பிழையை ஒன்று திருத்தி அடுக்கடுக்காக நிற்கின்றன. கணிப்பு கூர்மையாகிறது. ஆனால் ஒருவர் ஏன் மறுக்கப்பட்டார் என்பதைப் பார்த்ததும் சொல்ல முடிவதில்லை.

இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. இவை தரும் 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணைத்தான் மக்கள் பொதுவாக ‘சிபில் ஸ்கோர்’ என்கிறார்கள். கடன் கொடுப்பவரின் மாதிரி இந்த மதிப்பெண்ணையும் ஒரு விவரமாக எடுத்துக்கொள்கிறது. ஆக, ஒரு விண்ணப்பத்தின் மேல் இரண்டு எந்திரக் கணிப்புகள் ஏறி உட்காருகின்றன. முதலாவதில் உள்ள பிழை இரண்டாவதுக்கும் போய்ச் சேரும்.

பிழை எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் தரவிலிருந்து. தமிழர்களின் பெயரில் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை; முதலெழுத்துத்தான். அது ஆதாரில் விரிவாகவும் வங்கிப் புத்தகத்தில் சுருக்கமாகவும் குடும்ப அட்டையில் வேறு வரிசையிலும் இருக்கும். திருமணமான பெண்ணுக்குத் தந்தையின் எழுத்து ஓர் ஆவணத்திலும் கணவரின் எழுத்து இன்னொன்றிலும் இருப்பது வழக்கம். பெயரின் இரண்டாம் பாதியை வைத்து ஆளை அடையாளம் காணும்படி எழுதப்பட்ட மென்பொருள் ஒருவரை இருவராகப் பிரித்துவிடும், அல்லது ஒரே பெயருள்ள இருவரை ஒருவராகச் சேர்த்துவிடும். அடுத்த தெருக்காரரின் வாராக்கடன் தன் கணக்கில் ஏறியிருப்பது, கடன் மறுக்கப்படும் நாள்வரை ஒருவருக்குத் தெரியாமலே இருக்கக்கூடும்.

வருமானத்தின் வடிவமும் ஒரு சிக்கல். தருமபுரி மாவட்டத்தின் விளைநிலத்தில் பெரும்பகுதி மானாவாரி. ராகியும் சாமையும் நிலக்கடலையும் மரவள்ளியும் மழையைப் பார்த்தே விளைகின்றன. மழை பொய்த்தால் பெங்களூருவுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் இங்கே அதிகம். கூலி பெரும்பாலும் ரொக்கமாகக் கைக்கு வருகிறது. மாதம் ஒன்றாம் தேதி வங்கிக்கு வரும் சம்பளத்தைப் பார்த்துப் பழகிய மாதிரிக்கு இந்த வருமானம் கண்ணில் படாது. உழைத்துச் சம்பாதித்து நாணயமாக வாழும் குடும்பம் தரவில் வெறுமையாகத் தெரியும். மாதிரி பெரும்பாலும் அந்த வெறுமையை ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும்.

மறுக்கப்பட்டவர்களைப் பற்றி எந்திரம் அறியாதது

இந்தத் துறையின் ஆழமான சிக்கலைப் பற்றி வெளியில் அதிகம் பேசுவதில்லை. கடன் கொடுக்கப்பட்டவர் தவறினால் மாதிரிக்கு அது தெரியவரும். அடுத்த முறை அது திருத்திக்கொள்ளும். கடன் மறுக்கப்பட்டவர் ஒழுங்காகக் கட்டியிருப்பாரா என்பது மட்டும் ஒருபோதும் தெரியவராது, ஏனெனில் அவருக்குக் கடனே தரப்படவில்லை. ஆகவே தவறாகக் கொடுத்த கடன்கள் நிறுவனத்தின் கணக்கில் வாராக்கடனாக எழுகின்றன. தவறாக மறுத்த கடன்கள் எந்தக் கணக்கிலும் எழுவதில்லை. மாதிரியின் துல்லியம் 95 சதவீதம் என்று இயக்குநர் குழுவுக்குக் காட்டப்படும் அறிக்கை, உள்ளே வந்தவர்களை மட்டுமே வைத்துக் கணக்கிட்டதாக இருக்கும். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அதில் இல்லை.

இதன் விளைவு ஒரு சுழற்சி. வங்கியும் நிதி நிறுவனமும் மறுத்தால் அவசரத்துக்கு உள்ளூர் வட்டிக்காரரிடம் போக வேண்டும். அவரிடம் எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் அது கடன் தகவல் நிறுவனத்தின் பதிவுக்கு வராது. இரண்டு ஆண்டு கழித்து மறுபடி விண்ணப்பித்தால் தரவில் அதே வெறுமை, எந்திரத்திடமிருந்து அதே மறுப்பு. அதிக வட்டியில் சிக்கிய குடும்பம் உண்மையிலேயே தவணை தவறத் தொடங்கினால், எந்திரம் முதலில் தவறாகச் சொன்னது பின்னால் சரியாகிவிடுகிறது.

இந்தக் குருட்டிடத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறது. எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே விழும் விண்ணப்பங்களில் ஒரு சிறு பங்கைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கடன் கொடுத்து, அவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்க்கலாம். இதில் கொஞ்சம் பணம் போகும். போகும் பணம், அறியாமையைக் குறைக்க நிறுவனம் தரும் விலை. அந்த விலையைத் தர முடிவு செய்யும் அதிகாரம் தரவு அறிவியலாளரிடம் இல்லை. இயக்குநர் குழுவிடம் இருக்கிறது. மாதிரியின் நுட்பக் குறை என்று தோன்றுவது பல நேரங்களில் நிர்வாகம் எடுக்காமல் விட்ட முடிவாக இருப்பது இதனால்தான்.

எது நியாயம்

நியாயமான மாதிரி வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. நியாயத்தை எப்படி அளப்பது என்பதில்தான் சிக்கல். ஓர் எளிய கணக்கு இதைக் காட்டும். நகரத்தில் வங்கி வழியே சம்பளம் பெறும் 100 பேர் ஒரு பிரிவு; மானாவாரிக் கிராமங்களில் கூலியும் விவசாயமுமாக வாழும் 100 பேர் இன்னொரு பிரிவு. மாதிரி எல்லோரையும் ‘நல்ல’, ‘பலவீனமான’ என இரண்டு வகையாகப் பிரிக்கிறது. எந்தப் பிரிவானாலும் ‘நல்ல’ வகையில் 90 சதவீதம் பேர் கட்டுகிறார்கள், ‘பலவீனமான’ வகையில் 50 சதவீதம் பேர் கட்டுகிறார்கள். மதிப்பெண்ணின் பொருள் இரு பிரிவுக்கும் ஒன்றே என்பதால் இதைவிட நடுநிலையான மாதிரி வேண்டாம் என்று தோன்றும்.

நகரப் பிரிவில் 80 பேர் ‘நல்ல’ வகையிலும் 20 பேர் ‘பலவீனமான’ வகையிலும் விழுகிறார்கள் என்போம். கட்டக்கூடியவர்கள் மொத்தம் 82 பேர். ‘பலவீனமான’ வகைக்குக் கடன் இல்லை என்றால் அவர்களில் 10 பேர் மறுக்கப்படுவார்கள், அதாவது 12 சதவீதம். கிராமப் பிரிவில் 40 பேர் ‘நல்ல’ வகை, 60 பேர் ‘பலவீனமான’ வகை. கட்டக்கூடியவர்கள் 66 பேர். அவர்களில் 30 பேருக்குக் கடன் கிடைக்காது. இது 45 சதவீதம். ஒரே மாதிரி, ஒரே விதி. ஆனால் நாணயமாகக் கட்டக்கூடிய கிராமத்தவரில் ஏறத்தாழ பாதிப் பேர் வாசலிலேயே நிற்கிறார்கள்.

எண்களை மாற்றி இதைச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தால், கணிதம் வழிவிடாது. ஜான் க்ளைன்பெர்க், செந்தில் முல்லைநாதன், மனிஷ் ராகவன் ஆகியோர் 2016இல் இதை நிறுவினார்கள். இரு பிரிவுகளில் கட்டக்கூடியவர்களின் அடிப்படை விகிதம் வேறுபடும்போது, மதிப்பெண்ணின் பொருள் இரு பிரிவுக்கும் ஒன்றாகவும், தவறாக மறுக்கப்படும் விகிதமும் தவறாக ஏற்கப்படும் விகிதமும் இரு பிரிவுக்கும் சமமாகவும் இருப்பது பொதுவாக இயலாது. முழுத் துல்லியமான கணிப்பு போன்ற அபூர்வ நிலையில்தான் இரண்டும் சேர்ந்து வரும். அதே காலத்தில் அலெக்ஸாண்ட்ரா சோல்டெச்சோவாவும் இதை ஒட்டிய முடிவுக்குத் தனியே வந்தார். ஆக, எந்த நியாயத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது மனிதர்கள் எடுக்க வேண்டிய முடிவு. பல நிறுவனங்களில் அது யாரும் எடுக்காமலே நடந்துவிடுகிறது. மென்பொருள் தொகுப்பில் இயல்பாக வந்த அமைப்பே நிறுவனத்தின் கொள்கையாகிவிடுகிறது.

சாதி, மதம், பாலினம் ஆகியவற்றை விவரப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் பாகுபாடு நீங்கிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. அஞ்சல் குறியீடு, பள்ளியின் பெயர், கைபேசியின் விலை, கணக்கு இருக்கும் வங்கிக் கிளை என நீக்கிய விவரத்துக்கு ஈடாக நிற்கக்கூடியவை பல. கிராமத்துக்குள்ளும் தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்திருக்கும் நாட்டில் முகவரி ஒன்றே போதும். அமேசான் நிறுவனம் வேலை விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க உருவாக்கிய மாதிரி, பத்து ஆண்டு விண்ணப்பங்களைப் படித்து, பெண்கள் என்ற சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது. நிறுவனம் அந்தத் திட்டத்தையே கைவிட்டது 2018இல் செய்தியாக வந்தது. சோதித்துப் பார்த்ததால்தான் அங்கே பிழை வெளிப்பட்டது.

காரணம் சொல்லும் கடமை

எந்திரத்தின் முடிவுக்கு விளக்கம் வேண்டும் என்ற கோரிக்கை புதியதாகத் தோன்றினாலும், கடன் தொழிலில் அது பழைய கடமை. 2003இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நியாய நடைமுறை நெறிகள், 2 லட்சம் ரூபாய் வரையிலான கடன் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றன. 2007இல் வரம்பு நீக்கப்பட்டு, எல்லா வகைக் கடன்களுக்கும் இந்தக் கடமை வங்கிகளுக்கு விரிந்தது. அப்போது மதிப்பெண் எந்திரங்கள் இந்த அளவுக்கு இல்லை. எந்திரம் வந்ததால் கடமை தளர்ந்துவிடவில்லை. காரணம் சொல்ல முடியாத மாதிரியைப் பயன்படுத்தும் வங்கி, ஏற்கெனவே உள்ள கடமையைத் தன்னால் நிறைவேற்ற முடியாததாகத் தானே ஆக்கிக்கொள்கிறது.

சிக்கலான மாதிரிகளிடமிருந்தும் காரணத்தை வரவழைக்கும் நுட்பங்கள் இருக்கின்றன. அவற்றில் புகழ்பெற்றது ‘ஷாப்’. கூட்டாகச் சம்பாதித்த பலனை ஒவ்வொருவர் பங்களிப்புக்கும் ஏற்பப் பிரிப்பது எப்படி என்று 1953இல் கணிதவியலாளர் லாயிட் ஷேப்லி ஒரு வாய்பாடு தந்தார். அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு 2012இல் கிடைத்தது. அந்த வாய்பாட்டை அடிப்படையாக வைத்து 2017இல் ஸ்காட் லுண்ட்பெர்க்கும் சு-இன் லீயும் எந்திரக் கற்றலுக்கான ‘ஷாப்’ முறையை உருவாக்கினார்கள். ஒருவரின் மதிப்பெண் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது, அந்த விலகலில் தாமதத் தவணையின் பங்கு எவ்வளவு, கணக்கிலுள்ள குறைந்த இருப்பின் பங்கு எவ்வளவு என்று இது பிரித்துக் காட்டும். இதற்கும் எல்லை உண்டு. மாதிரி எப்படி நினைத்தது என்பதை இது சொல்லும். அப்படி நினைத்தது சரியா என்று சொல்லாது. ஒன்றோடொன்று பின்னிய விவரங்களுக்கிடையே பங்கு பிரிப்பதிலும் தடுமாறும்.

விண்ணப்பித்தவருக்குப் போய்ச் சேர வேண்டியது இந்த எண்களும் அல்ல. ‘கடந்த ஆறு மாதத்தில் இரண்டு தவணைகள் தாமதம்’ என்பது காரணம். அதைச் சரிபார்க்கலாம், தவறென்றால் மறுக்கலாம், உண்மையென்றால் திருத்திக்கொள்ளலாம். ‘உள் மதிப்பீட்டின்படி தகுதி இல்லை’ என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. காரணம் அவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 சதவீதம், தருமபுரி மாவட்டத்தில் 68.5 சதவீதம், மாநிலத்திலேயே குறைவு. ஆங்கிலத்தில் வரும் குறுஞ்செய்தியும், படிக்காமலே ‘சம்மதம்’ பொத்தானை அழுத்தச் சொல்லும் செயலியும் இங்கே வெளிப்படைத்தன்மையாகிவிடாது. கடனின் முக்கிய விவரங்களை வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி விதித்திருப்பது கொடுக்கப்படும் கடனுக்கு. மறுக்கப்படும் கடனுக்கும் அதே அக்கறை வேண்டும்.

நிறுவனத்துக்குள் நடக்க வேண்டியது

தொடக்கம் ஒரு பதிவேடு. நிறுவனத்தில் எத்தனை மாதிரிகள் இயங்குகின்றன, ஒவ்வொன்றும் எதற்கு, எந்தத் தரவில் பயின்றது, யார் வாங்கியது, யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த வேலையே பல இடங்களில் நடப்பதில்லை; ஒரு துறை வாங்கிய கருவி இன்னொரு துறைக்குத் தெரியாது. ஊழியர்கள் தாமாகவே உரையாடும் செயலிகளில் அலுவலகக் கோப்புகளை ஏற்றுவதும் உண்டு. 2023இல் சாம்சங் நிறுவனத்தின் பொறியாளர்கள் மென்பொருள் மூலநிரலை சாட்ஜிபிடியில் இட்டது தெரியவந்து, நிறுவனம் அத்தகைய கருவிகளுக்குத் தடை போட வேண்டியிருந்தது.

பதிவேட்டுக்குப் பிறகு தரம் பிரித்தல். கடிதத்தைச் சுருக்கிக் கொடுக்கும் கருவிக்கும், கடன் தரலாமா என்று சொல்லும் மாதிரிக்கும் ஒரே அளவு காவல் தேவையில்லை. மனிதரின் பிழைப்பைத் தொடும் மாதிரியை, உருவாக்கிய குழு தவிர்த்த வேறொரு குழு சோதிக்க வேண்டும். சோதிப்பவரின் பதவி உயர்வு, உருவாக்கியவரின் கையில் இருக்கக் கூடாது. நல்ல வங்கிகள் கடன் தணிக்கையில் கடைப்பிடித்துவந்த ஒழுக்கம் இது.

பயன்பாட்டுக்கு வந்த பிறகும் மாதிரியைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், ஏனெனில் அது கற்ற உலகம் மாறிக்கொண்டிருக்கும். கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைகளைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. அந்த ஆறு மாதத் தரவில் பயின்ற மாதிரிக்கு, கட்டாமல் விட்டவர் முடியாமல் விட்டாரா, அனுமதி இருந்ததால் விட்டாரா என்று பிரிக்கத் தெரியாது. அமெரிக்காவின் ஜில்லோ நிறுவனம் வீட்டு விலையைக் கணிக்கும் மாதிரியை நம்பி வீடுகளை வாங்கிக் குவித்தது. விலைப்போக்கைக் கணிப்பதில் தவறு நேர்ந்து, 2021 நவம்பரில் அந்தப் பிரிவையே மூடி, நான்கில் ஒரு பங்கு ஊழியர்களை வெளியே அனுப்பியது. மாதிரி விலகத் தொடங்குவதை எந்த அளவில் கவனிப்பது, எந்த அளவில் நிறுத்துவது என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். இழப்பு வந்த பிறகு கூடிப் பேசி எடுக்கும் முடிவு அல்ல அது.

‘இறுதி முடிவு மனிதருடையது’ என்று நிறுவனங்கள் சொல்வதைச் சற்று உற்றுப் பார்ப்பது நல்லது. நாளொன்றுக்கு நூறு விண்ணப்பங்களைப் பார்க்கும் ஊழியர், திரையில் சிவப்பு நிறத்தில் வரும் மறுப்பை எதிர்த்துக் கையெழுத்திடுவது அபூர்வம். எதிர்த்துக் கொடுத்த கடன் தவறினால் பழி அவர் மேல். எந்திரத்தைப் பின்பற்றி நல்ல விண்ணப்பத்தை மறுத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. இந்த நிலையில் மனிதர் பெயருக்கு நிற்கிறார். ஊர் நிலவரம் தெரிந்த களப்பணியாளருக்கு எந்திரத்தை மீறும் அதிகாரம், மீறியதற்கான காரணத்தைப் பதியும் இடம், அந்தப் பதிவுகளை மாதந்தோறும் பார்க்கும் மேலதிகாரி ஆகிய மூன்றும் இருந்தால்தான் மனித மேற்பார்வைக்குப் பொருள் உண்டு.

கருவியை வெளியிலிருந்து வாங்கினாலும் பொறுப்பை வெளியே தள்ள முடியாது. கனடாவின் ஏர் கனடா நிறுவனத்தின் உரையாடல் செயலி, குடும்பத்தில் துக்கம் நேர்ந்தவருக்கான கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கேட்கலாம் என்று ஒரு பயணிக்குத் தவறாகச் சொன்னது. செயலி சொன்னதற்குச் செயலியே பொறுப்பு என்கிற பாணியில் நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் குடிமைத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, பயணிக்கு இழப்பீடு தரச் சொன்னது. நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும், அது பக்கமாக இருந்தாலும் செயலியாக இருந்தாலும், நிறுவனமே பொறுப்பு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். தொகை சிறியது. நெறி பெரியது.

விதிகள் வந்த வழி

இந்திய மாநிலங்களில் இதை முன்னதாகவே யோசித்தவற்றில் ஒன்று தமிழ்நாடு. 2020 செப்டம்பரில் மாநில அரசு பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. அரசுத் துறைகள் மக்களுக்கான சேவையில் எந்தச் செயற்கை நுண்ணறிவு அமைப்பையும் கொண்டுவருமுன் அதைப் பன்மை, சமத்துவம், அறநெறி, தனியுரிமை, தவறான பயன்பாட்டிலிருந்து காப்பு, தணிக்கை, எண்ணிம இடைவெளி போன்ற அளவுகோல்களில் மதிப்பிட வேண்டும் என்றது. அந்த மதிப்பெண் அட்டைக்கு ‘டீப்-மேக்ஸ்’ என்று பெயர். தரவுப் பற்றாக்குறையால் சில மக்கள் விடுபட்டுப்போவதைத் தனி ஆபத்தாகவே அந்த ஆவணம் கணக்கில் எடுத்தது. தருமபுரி போன்ற மாவட்டங்களின் சிக்கலை அது சரியாகத் தொட்டது. அரசு வாங்கும் கருவிகளுக்கே அது பொருந்தியது என்றாலும், அவற்றைச் செய்து விற்பவை நிறுவனங்கள் என்பதால் அவையும் இந்தக் கேள்விகளுக்கு முகம் கொடுக்க வேண்டும்.

நிதித்துறையில் முக்கியமான ஆவணம் 2025 ஆகஸ்டில் வந்தது. மும்பை ஐஐடியின் பேராசிரியர் புஷ்பக் பட்டாச்சார்யா தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு 7 நெறிகளையும் 26 பரிந்துரைகளையும் முன்வைத்தது. இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை, மாதிரிகளின் பதிவேடு, தணிக்கை, பிழை நிகழ்ந்தால் தெரிவிக்கும் முறை, எந்திரத்தோடு பேசுகிறோம் என்பதை வாடிக்கையாளர் அறிந்துகொள்ளும் உரிமை ஆகியவை அவற்றில் அடங்கும். குழுவுக்காக நடந்த ஆய்வின் எண்கள் கவலை தருகின்றன. கேட்கப்பட்ட 612 நிறுவனங்களில் 127 மட்டுமே செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியோ உருவாக்கியோ வந்தன. அவற்றிலும் முடிவுக்கு விளக்கம் தரும் கருவிகளைப் பயன்படுத்தியவை 15 சதவீதம், தணிக்கைப் பதிவுகளைப் பேணியவை 18 சதவீதம். எந்திரம் முன்னே போய்விட்டது. பதிவேடு பின்தங்கி நிற்கிறது.

பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்திருந்த நிறுவனம் முதல்முறை தவறினால் ஒழுங்குமுறை அமைப்பு சற்றுப் பொறுத்துப்போகலாம் என்றும் அந்தக் குழு சொல்கிறது. தவறை ஒளிக்காமல் தெரிவிக்க நிறுவனங்களுக்குத் துணிவு வர வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் ஏற்கத்தக்கதே. ஆனால் பொறுத்துப்போவது நிறுவனத்துக்கும் ஒழுங்குமுறை அமைப்புக்கும் இடையே இருக்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு முதல்முறை, இரண்டாம் முறை என்ற வேறுபாடு இல்லை. அவருக்கான பரிகாரம் முதல்முறையிலேயே கிடைத்தாக வேண்டும்.

2025 நவம்பரில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நாடு முழுமைக்குமான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றை வரைந்த குழுவின் தலைவர் சென்னை ஐஐடியின் பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன். ரிசர்வ் வங்கிக் குழுவின் 7 நெறிகளையே எல்லாத் துறைகளுக்குமாக எடுத்துக்கொண்ட இந்த ஆவணம், தனிச் சட்டம் இப்போது தேவையில்லை, இருக்கும் சட்டங்களைச் செயல்படுத்தினால் போதும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போயிருக்கிறது. 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அதன் சட்டம், தனிநபரின் கடன் தகுதியை மதிப்பிடும் அமைப்புகளை அதிக ஆபத்துள்ள வகையில் வைக்கிறது. தடை செய்யப்பட்ட செயல்களுக்கு உலகளாவிய வருவாயில் 7 சதவீதம் வரை அபராதம் விதிக்கிறது. ஐரோப்பாவில் பயன்படும் மென்பொருளைச் சென்னையிலோ கோவையிலோ உருவாக்கும் நிறுவனத்தையும் அந்தச் சட்டம் தொடும்.

வழிகாட்டுதல் போதுமா என்பதற்கு இந்தியாவின் அனுபவமே விடை தருகிறது. கடன் செயலிகள் வாடிக்கையாளரின் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுத்துவைத்து மிரட்டிய காலத்தில், நெறிகளைப் பற்றிய அறிவுரைகள் அவற்றை நிறுத்தவில்லை. தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் தொடக் கூடாது, முகவரை வைத்துக் கடன் கொடுத்தாலும் முழுப் பொறுப்பும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதியாக எழுதிய பிறகுதான் பிடி கிடைத்தது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2025 பிப்ரவரியில் இதே வழியில் போனது. செயற்கை நுண்ணறிவுக் கருவியின் விளைவுகளுக்கு, அதை வாங்கியிருந்தாலும் தானே செய்திருந்தாலும், பயன்படுத்தும் நிறுவனமே பொறுப்பு என்றது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. பெரிய அளவில் தரவைக் கையாளும் நிறுவனங்கள் தங்கள் மென்பொருள் மக்களின் உரிமைக்கு ஊறு செய்யாது என்று உறுதிசெய்துகொள்ளும் கடமையும் அவற்றில் உண்டு. கடன் மறுப்புக்குக் காரணம் கேட்கும் உரிமையும் இதுபோல் எல்லா வகைக் கடன் நிறுவனங்களுக்கும், எந்திர முடிவுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, கட்டாய விதியாக வர வேண்டும்.

அதுவரை இருக்கும் வழிகளைப் பயன்படுத்தலாம். கடன் மறுக்கப்பட்டால் வங்கியிடம் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டியவை; அதை வாங்கிப் பெயர், முகவரி, தனக்குச் சம்பந்தமில்லாத கடன் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிழை இருந்து, புகார் செய்து 30 நாளில் திருத்தப்படாவிட்டால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நிறுவனத்திடம் கொடுத்த புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.